உன் அம்மா சாப்பிட்டாளா என்று நான் கேட்காத வருஷம்

இளங்கோ,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் எட்டு கிலோ குறைக்கப் போகிறேன், இன்டர்நெட்டில் ஒரு டயட் பார்த்து வைத்திருக்கிறேன், அரிசி கிடையாது, எண்ணெய் கிடையாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். அதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அப்புறம், "நித்யாவையும் ஆரம்பிக்கச் சொல்லிட்டேன்பா. கல்யாணம் ஆனதும் வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதான்" என்றாய். நான் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அங்கே காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஏதோ வேலையாகப் போனேன் என்று நீ நினைத்திருப்பாய். அந்தக் குரலை நான் முன்னால் கேட்டிருக்கிறேன், இளங்கோ. அது என்னுடைய குரல். நேரில் சொல்லலாம் என்றால் நீ பெங்களூரிலிருந்து வந்து இரண்டு நாள்தான் இருக்கிறாய், அதிலும் நாம் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசுவது நின்றுபோய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

சுனாமிக்கு முந்தின வருஷம். நீ பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாய். ஆபீசில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தபோது எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னார்கள். உன் பெரியப்பாவுக்குச் சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்களே, அப்போது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவன் நான். அவர் போர்வைக்குள் இல்லாத காலைத் தடவிப் பார்த்தது எனக்குக் கண்ணிலேயே நின்றது. மாத்திரை என்று ஆரம்பித்தால் அங்கேதான் போய் முடியும் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் இயற்கை உணவு முகாம் நடப்பதாக ஒருவர் சொன்னார். பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அங்கே சொன்னதில் பாதி நல்லதுதான், அதை இப்போதும் மறுக்க மாட்டேன். மெதுவாக மென்று தின்னு, பசித்தால் தின்னு, வெள்ளைச் சர்க்கரையைக் குறை, நட என்றார்கள். ஆனால் பயந்தவனுக்குப் பாதி போதாது. நான் முழுசாக நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்த அன்றைக்கே என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். எண்ணெய் டின், உப்பு ஜாடி, புளிப் பானை, உன் அம்மா வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருந்த கருவாடு, எல்லாவற்றையும் ஒரு கோணியில் கட்டி வீடு பெருக்க வருகிறவளிடம் கொடுத்துவிட்டேன். நெல்லித்தோப்பு வீட்டுச் சமையலறை எவ்வளவு சின்னது. அதில் பாதி காலியானதும் எனக்கு ஏதோ கோயிலைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. காலையில் பூசணிச் சாறு, மத்தியானம் முளைகட்டிய பயறும் தேங்காய்த் துருவலும் வெள்ளரிக்காயும், ராத்திரிக்கு இரண்டு வாழைப்பழமோ கொய்யாவோ. அடுப்பு பற்ற வைப்பதே குறைந்துபோனது. உன் அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "பையனுக்காவது ஒரு பிடி சோறு வடிக்கட்டுமா?" நான் சொன்னேன்: "ஒரு வீட்டுல ரெண்டு சாப்பாடு நடக்காது." அதோடு அவள் கேட்கவில்லை.

மூன்று மாதத்தில் என் சர்க்கரை இறங்கியது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாம் என்னிடம் வந்து யோசனை கேட்டார்கள். எனக்கு அதுவரை யாரும் அப்படி மரியாதை கொடுத்ததில்லை. முப்பது வருஷம் ஃபைல் புரட்டியவனை நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள் என்றதும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் போனது. மேல் வீட்டில் குடியிருந்த முசேயை உனக்கு நினைவிருக்கும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தாரே, அவரிடமும் ஒரு நாள் படிக்கட்டில் நின்று பேசினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, பத்தியத்துக்கு அவர் சொல்லும் பிரெஞ்சு வார்த்தையில், "ரெஜீம் நல்லதுதான். ஆனா ரெஜீம் உனக்கா, உன் சம்சாரத்துக்கா? இளைச்சுப் போனது அவங்கதானே" என்றார். பொறாமையில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் மாமா கேசவன் வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். வீராம்பட்டினத்தில் படகு கரைக்கு வந்ததும் நேராக சைக்கிளில் ஏறி வந்திருந்தான். கூடையில் வாழையிலை போட்டு நெத்திலி. இன்னும் மினுமினுவென்று இருந்தது. "அக்காவுக்குப் புடிக்கும்னு எடுத்தாந்தேன் மாமா" என்றான். நான் வாசலிலேயே நின்றுகொண்டு, "இந்த வீட்டுல இனிமே இதெல்லாம் கெடையாது கேசவா. எடுத்துக்கிட்டுப் போ" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற உன் அம்மாவைப் பார்த்தான். "சரிக்கா, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். அதற்கப்புறம் அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை. தம்பி கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்பினால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு அன்றைக்கு நேரமில்லை. மீனில் என்னென்ன கெடுதல் என்று உனக்கு அரை மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா மெல்ல மெல்லத்தான் விழுந்தாள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். துணி பிழியும்போது கை நடுங்கும். ஒரு நாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தபோது, சமையலறையில் நின்று பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டாள். "சின்னப் புள்ள மாதிரி இன்னா இது" என்று திட்டினேன். ரத்தம் இல்லாத உடம்பு அப்படி அரிசிக்கும் மண்ணுக்கும் ஏங்கும் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. மயக்கமாக இருக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், "உடம்புல இருக்கற அழுக்கு வெளிய போவுது. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றேன். முகாமில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். நான் அதைக் கேள்வி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்னுடைய வெற்றியையும் கேள்வி கேட்க வேண்டி வந்திருக்கும்.

ரேஷன் கடை வரிசையில் அவள் விழுந்த அன்று நீதான் முதலில் ஓடினாய். எனக்கு ஆபீசுக்கு ஆள் வந்து சொல்லி நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவளைக் கட்டிலில் போட்டிருந்தார்கள், நீ அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாய். அந்த லேடி டாக்டர் அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையே. வீட்டுல என்னம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டார். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாம் சாப்புடறேன் டாக்டர்" என்றாள். மாதவிலக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டதற்கும், நீயும் நானும் பக்கத்தில் நின்றதால், "ஒழுங்காத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் நீ சொன்னாய். "இல்ல டாக்டர். எங்கம்மா ஒண்ணுமே சாப்புடறது இல்ல. பச்சையாத்தான் தின்னுது. அப்பா சமைக்க வுடறது இல்ல."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "பையன் பொய் சொல்றான் டாக்டர். ஓட்டல் பண்டம் வாங்கித் தரலன்னு என்மேல கோவம். வீட்டுல நல்ல சத்தான சாப்பாடுதான்" என்றேன். டாக்டர் உன்னைப் பார்த்த பார்வையும் மாறியது. நீ அந்தச் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாய். பதினாறு வயசுப் பையன், தன் அம்மாவைக் காப்பாற்ற ஒரு நிஜத்தைச் சொன்னான். அவனை ஒரு வெளியாள் முன்னால் பொய்யன் ஆக்கினேன்.

அதனால் என்ன நடந்தது தெரியுமா? ரத்தம் ஏற்றினார்கள். உன் மாமா கேசவனுக்கு யாரோ சொல்லி, வீராம்பட்டினத்திலிருந்து டெம்போ பிடித்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனான். அது உனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் நான் சொன்னதை நம்பிவிட்டார். சாப்பாடு சரியாக இருக்கிறது, அப்படியென்றால் ரத்தம் உள்ளே எங்கேயோ கசிகிறது என்று தேட ஆரம்பித்தார். உன் அம்மாவின் தொண்டை வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவள் குமட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே கூட்டிக்கொண்டு வந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர், உதட்டோரம் கிழிந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்றார்கள். அவள் என்னிடம், "நீங்க காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க, உக்காருங்க" என்றாள்.

டாக்டர்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார் என்று நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். நடந்தது அதில்லை. குழாய் விட்டுப் பார்த்த அன்றைக்கு மத்தியானம் நான் அவர் பின்னாலேயே போய், "டாக்டர், என் பையன் சொன்னதுதான் நிஜம்" என்றேன். அவர் கையில் இருந்த காகிதத்தைக் கீழே இறக்கினார். "அந்தப் பையன் அன்னிக்கே சொன்னானே சார்" என்றார். வேறு எதுவும் சொல்லி அவர் திட்டவில்லை. அப்புறம் என்னை வெளியே நிறுத்திவிட்டு உன் அம்மாவிடம் தனியாகப் பேசினார். கர்ப்பப்பையில் கட்டி இருந்தது, மாதாமாதம் அவளுக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது, ஸ்கேனில் எல்லாம் தெரிந்தது. போகிற ரத்தத்தை ஈடுகட்டுவதற்கு அவளிடம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மீனும், முட்டையும், ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியும், சமைத்த கீரையும்தான். அதையும்தான் நான் அந்தக் கோணியோடு சேர்த்து வீட்டை விட்டு அனுப்பியிருந்தேன். "உங்க உடம்புக்கு ஒத்துக்கிட்டது அவங்களுக்கும் ஒத்துக்கும்னு எப்படி முடிவு பண்ணீங்க? அவங்கள என்னைக்காவது கேட்டீங்களா?" என்றார் டாக்டர். பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அவளுக்கு மாதாமாதம் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த வாரத்தில் நான் வீராம்பட்டினத்துக்குப் போனேன். கேசவன் கரையில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். மீன் வேண்டும் என்றேன். "அக்கா கேட்டுச்சா, நீங்க கேக்கறீங்களா?" என்றான். "நான்தான் கேக்கறேன்" என்றேன். கையிலிருந்த வலையை மணலில் போட்டான். அப்புறம் எழுந்து போய் நெத்திலி எடுத்து வந்து, "தலையக் கிள்ளத் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். மணலில் உட்கார வைத்து, தலையைக் கிள்ளி, கூடவே குடலையும் இழுத்துவிடுவது எப்படி என்று காட்டினான். நாற்பத்தெட்டு வயசில் நான் கற்றுக்கொண்ட முதல் சமையல் வேலை அது. அன்றைக்கு வைத்த குழம்பில் புளி தூக்கலாக இருந்தது, நெத்திலி கரைந்துவிட்டது. உன் அம்மா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நீ உன் தட்டை எடுத்துக்கொண்டு உள் ரூமுக்குப் போனாய். அன்றிலிருந்து, உன்னுடைய ஹாஸ்டல் நாள், வேலை நாள், லீவு நாள் எல்லாம் சேர்த்து, நீ என் எதிரில் உட்கார்ந்து ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. வந்தால் டிவி முன்னால் தட்டு, இல்லாவிட்டால் நான் சாப்பிட்டு எழுந்த பிறகு. அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. என்மேல் உனக்கு இருக்கிறது கோபம் மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். என்னை நம்ப முடியாது என்று ஆகிவிட்டது. என்னை மன்னித்துவிடு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அப்பன் பிள்ளையிடம் போய் எப்படிக் கேட்பது என்று ஒரு வீம்பு. இப்போது கேட்கிறேன்.

இந்தச் சமையலறையை இப்போது நானும் உன் அம்மாவும் பாதிப் பாதியாகப் பார்த்துக்கொள்கிறோம். நாங்கள் எப்படிச் சாப்பிடுகிறோம் என்று எழுதுகிறேன், உனக்குப் பயன்பட்டால் எடுத்துக்கொள். பானை ஒன்றுதான், தட்டு வேறே வேறே. எனக்குச் சோறு ஒரு கரண்டி, காயும் கீரையும் நிறைய. அவளுக்குச் சோறு அவள் கேட்கிற அளவு, மீனில் பெரிய துண்டு. முருங்கைக்கீரையை வதக்கி இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிகிறோம், அப்போதுதான் அதிலிருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேரும் என்று டாக்டர் சொன்னார். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்திவிட்டோம். காலையில் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். எனக்கு மாத்திரையும் உண்டு, அதற்கு இப்போது பயமில்லை. அந்த முகாமில் கற்ற நடையும் மென்று தின்பதும் கூடவே இருக்கிறது. கடற்கரையில் இரண்டு பேரும்தான் நடக்கிறோம், அவள் வேகத்துக்கு. கட்டியை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வேகம் என்னைவிட அதிகம், அது வேறு விஷயம்.

நீ எடை குறைப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உனக்கு நம் வீட்டு உடம்பு, சர்க்கரை வரும், இப்போதே பார்த்துக்கொள்வது நல்லதுதான். நித்யாவிடம் மட்டும் சொல்லாதே, கேள். என்ன சாப்பிட்டு வளர்ந்தாள், எது அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, எப்போது களைப்பாக இருக்கிறது, எதைத் தின்றால் அவளுக்கு அவள் வீட்டு ஞாபகம் வரும், இதெல்லாம் எந்த இன்டர்நெட்டிலும் இருக்காது. சரி என்று அவள் உடனே ஒத்துக்கொண்டாலும் இன்னொரு தடவை கேள். உன் அம்மாவும் என்னிடம் சரி என்றுதான் சொன்னாள். அவள் வீட்டிலிருந்து யாராவது ஒரு தூக்கு நிறைய ஏதாவது கொண்டுவந்தால், அதில் எத்தனை எண்ணெய் இருந்தாலும், எழுந்து நின்று கையில் வாங்கு.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் முடித்துவிடலாம் என்றுதான் நேற்று வரை நினைத்திருந்தேன். அந்த ஆறேழு மாதமும் நான் வீட்டில் மட்டும்தான் பச்சைக் காய் தின்றேன். ஆபீசுக்குப் பின் சந்தில் ஒரு டீக்கடை. தினமும் பதினொரு மணிக்கு அங்கே போய்விடுவேன். இரண்டு மசால் வடை. ஒன்றை அங்கேயே நின்று தின்றுவிட்டு, இன்னொன்றைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவேன், மத்தியானத்துக்கு. சில நாள் முட்டை போட்ட ரொட்டியும் உண்டு. நீ வெளியே பரோட்டா தின்றாய், அது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். வீட்டை விட்டு வெளியே போக இடமில்லாத ஒருத்திதான் நான் போட்ட சட்டத்தை முழுசாகக் கடைப்பிடித்தாள். உன்னைப் பொய்யன் என்று டாக்டரிடம் சொன்ன அன்றைக்குக்கூட என் வயிற்றில் வடை இருந்தது.

நேற்று சாயங்காலம் உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"சட்டை துவைக்கறது யாரு? பையில எண்ணெய்க் கறை போவவே போவாது. சோடாப்பு போட்டு ஊற வெச்சு எடுப்பேன்."

அப்போதே கேட்டிருக்கலாமே, நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே என்றேன்.

"கேட்டா அதையும் நிறுத்திடுவீங்க" என்றாள். "நீங்களும் புள்ளையும் வெளிய எங்கனா வயித்துக்குச் சாப்புட்டுக்கறீங்கன்னு தெரிஞ்சதாலதான் நான் நிம்மதியா இருந்தேன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, இளங்கோ. ஆய்ந்த கீரையை அலசுவதற்கு எழுந்தபடியே, சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் கீழே விட்டுப்போன கீரைத் தண்டுகளை நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா